முன்னால் திறந்த கைகள்

திருச்சி பாலக்கரைப் பக்கம் ஒரு சந்தில் இருக்கிறது அந்தக் கடை. பெயர்ப்பலகை கிடையாது, கூரைவரை அடுக்கியிருக்கும் மரப்பெட்டிகள்தான் அடையாளம். தாத்தா விட்டுப்போன ஐந்து வால்வு பிலிப்ஸ் ரேடியோவை அங்கே கொடுத்திருந்தேன். வேலையைக் கூட இருந்து பார்க்கலாமா என்று கேட்டேன். எழுபது வயதைத் தாண்டிய மெக்கானிக் ஒரு முக்காலியை என் பக்கம் தள்ளினார்.

"வீட்டுல கரண்ட் குடுத்துப் பாத்தீங்களா தம்பி?"

"இல்லைங்கய்யா."

"நல்லவேளை."

அவர் முதலில் எடுப்பது 100 வாட்ஸ் குண்டு பல்ப். வால்வுகளைக் கழற்றிவிட்டு, அந்த பல்ப் வழியாகத்தான் ரேடியோவுக்கு மின்சாரம் விடுகிறார். டிரான்ஸ்ஃபார்மருக்குள் ஷார்ட் இருந்தால் பல்ப் பளிச்சென்று எரியும், பெட்டி தப்பித்துக்கொள்ளும். எங்கள் ரேடியோவுக்கு அதன் இழை லேசாகச் சிவந்ததோடு சரி. "டிரான்ஸ்ஃபார்மர் உசுரோட இருக்கு" என்றார்.

இந்த ரேடியோக்களில் வால்வு அவ்வளவு சீக்கிரம் சாவதில்லை. முதுமை முதலில் தாக்குவது கண்டன்சர்களைத்தான். மின்சாரத்தைச் சீராக்கும் பெரிய ஃபில்டர் கண்டன்சர் உலர்ந்துபோனால் ஸ்பீக்கரில் 'ம்ம்ம்' என்ற உறுமல் நிற்காது. அதைவிட ஆபத்தானது ஸ்பீக்கரை இயக்கும் EL84 என்ற அவுட்புட் வால்வுக்கு ஒலியைக் கடத்தும் கப்ளிங் கண்டன்சர். காகிதத்தில் செய்த அந்தச் சின்னக் குழாய் ஈரம் வாங்கிக் கசிந்தால், வால்வு அளவுக்கு மீறி மின்சாரம் இழுக்கும். அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரும் சேர்ந்து கருகும். அதனால் காகிதக் கண்டன்சர்களை அவர் சோதிப்பதே இல்லை, மாற்றிவிடுகிறார். மைக்கா கண்டன்சர்களைத் தொடுவதில்லை.

பாகங்கள் பொருத்திய உலோகத் தட்டான சேசிஸைக் கவிழ்த்ததும் அவர் வேகம் குறைந்தது. ஓர் இணைப்பைக் குறட்டு நுனியால் காட்டினார். "இது கம்பெனி ஈயம் இல்ல. யாரோ ஏற்கெனவே பாத்திருக்காங்க. கம்பிய முள்ளுல ஒரு சுத்து சுத்தி அப்புறம் ஈயம் வச்சிருக்காரு. தொழில் தெரிஞ்சவரு." பெயர் தெரியாத அந்த மனிதரின் வேலையை அப்படியே விட்டுவைத்தார். பெட்டியின் உள்பக்கம் பென்சிலில் ஒரு தேதி மங்கலாகத் தெரிந்தது. அந்நாளைய மெக்கானிக்குகளின் வழக்கமாம்.

தாத்தாவின் சொத்து என்றுதான் நான் தூக்கிவந்தேன். அதை இத்தனை காலம் காப்பாற்றியவர்கள் வேறு சிலரும் உண்டு என்பது அந்த முக்காலியில்தான் தெரிந்தது.

இவருடைய வேலையும் அடுத்துத் திறப்பவரை நினைத்தே நடக்கிறது. பழைய ஃபில்டர் டப்பாவின் இணைப்பை மட்டும் துண்டித்து, அதை மேலே இருந்த இடத்திலேயே நிறுத்தினார். புதியதைச் சேசிஸின் அடியில் பொருத்தினார். எடுத்த பாகங்களை ஒரு காகித உறையில் போட்டு, அவற்றின் மின் மதிப்பைக் குறித்தார்.

பிறகு வால்வுகளைச் சொருகினார். அவை சூடேற அரை நிமிடம் ஆனது. டயல் முள் 936 கிலோஹெர்ட்ஸை நெருங்கியபோது, 1939 முதல் ஒலிபரப்பும் திருச்சி வானொலி உறுமல் எதுவுமின்றிக் கேட்டது. அவர் பென்சிலை எடுத்துப் பழைய தேதிக்குக் கீழே அன்றைய தேதியை எழுதினார்.

பரணில் வால்வு ரேடியோ வைத்திருப்பவர்கள் ஆசைப்பட்டு நேராக பிளக்கில் சொருகிவிடாதீர்கள். வால்வு வேலை தெரிந்த ஒருவரைத் தேடிப் பிடியுங்கள். கழற்றிய பாகங்களைக் கேட்டு வாங்கிப் பெட்டியோடு வையுங்கள். அடுத்துத் திறப்பவருக்கு அவைதான் வழிகாட்டி.