ஃபுளோரிடா பக்கங்கள் – 7: செயின் கழற்றிய ரம்பம்

டாம்பாவிலிருந்து ஓர்லாண்டோ போகும் ஐ-4 நெடுஞ்சாலையைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. வழிநெடுக ஒரு டீக்கடை கிடையாது என்று போன வாரமே புலம்பியாகிவிட்டது. நேராகப் பேய்களிடம் போய்விடலாம்.

யுனிவர்சல் ஸ்டூடியோ பூங்காவில் வருஷா வருஷம் ‘ஹாலோவீன் ஹாரர் நைட்ஸ்’ என்று ஒன்று நடக்கிறது. தங்கை மகனும் அவன் மனைவியும் வெகுநாள் முன்பே டிக்கெட் வாங்கி வைத்திருந்தார்கள். மருமகள் நர்ஸ். கடைசி நேரத்தில் அவளுக்கு நைட் டியூட்டி போட்டுவிட்டார்கள். “காசு திரும்ப வராது பெரியம்மா, நீங்க வாங்களேன்” என்றான். நாளைப் பொறுத்து எண்பது டாலரிலிருந்து நூற்றிருபது வரை போன டிக்கெட். ரூபாயில் பெருக்கிப் பார்த்தேன். பேய்க்குப் பயப்படுவதை விட இதை வீணடிக்கத்தான் அதிகம் பயமாக இருந்தது. கிளம்பிவிட்டேன்.

சாயங்காலம் ஆறரைக்கு ஆரம்பித்து ராத்திரி இரண்டு மணி வரை நடக்கிறது. பகலில் குழந்தைகள் ஐஸ்கிரீம் ஒழுக ஓடும் அதே தெருக்கள்தான். இருட்டியதும் விளக்கை மாற்றி, புகையைப் போட்டு, ஆளை இறக்கிவிடுகிறார்கள். பதின்மூன்று வயதுக்குக் கீழே உள்ளவர்களை அழைத்துவர வேண்டாம் என்று எச்சரிக்கை. வருகிறவர்கள் முகமூடியோ பேய் வேஷமோ போடக்கூடாது. யார் சம்பளப் பேய், யார் டிக்கெட் பேய் என்ற குழப்பம் வரக்கூடாதே.

நுழைந்த கொஞ்ச நேரத்திலேயே புகைக்குள்ளிருந்து ஒருவன் மின்னல் வேகத்தில் வந்தான். கையில் மரம் அறுக்கும் ரம்பம். என்ஜின் நிஜம், பெட்ரோல் வாடை நிஜம், காதைக் கிழிக்கும் சத்தமும் நிஜம். செயினை மட்டும் கழற்றி வைத்திருக்கிறார்கள். வெறும் தகடு, அறுக்காது. இதையெல்லாம் காரில் வரும்போது எனக்குப் பாடம் எடுத்தவன் தங்கை மகன்தான். முப்பத்திரண்டு வயது, ஆறடி, கம்பெனியில் பன்னிரண்டு பேரை மேய்க்கிறவன். அவன் அலறிக்கொண்டு என் முதுகுக்குப் பின்னால் ஒளிந்தான். ரம்பக்காரன் என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன். முப்பது வருஷம் தபால் ஆபீஸ் கவுண்டரில் உட்கார்ந்தவளிடம் சத்தம் பலிக்காது என்று அவனுக்குப் புரிந்திருக்க வேண்டும். லேசாகத் தலையைக் குனிந்துவிட்டு வேறு ஆளைத் தேடிப் போனான்.

நான் போன 2023-இல் மொத்தம் பத்துப் பேய் வீடுகள். வீடு என்றால் தெருவில் நிற்கும் வீடு அல்ல. சினிமா எடுக்கும் பெரிய கொட்டகைகளுக்குள்ளும் கூடாரங்களுக்குள்ளும் வளைந்து வளைந்து போகும் நடைபாதை. இரண்டு பக்கமும் செட். நடந்து கடக்க நாலைந்து நிமிஷம். அதற்கு வெளியே நிற்கும் வரிசை இருக்கிறதே! சனிக்கிழமை ராத்திரி. முதல் வீட்டின் பலகையில் ‘110 நிமிடம்’ என்று எரிந்தது.

எனக்குத் திருப்பதி ஞாபகம்தான் வந்தது. கம்பித் தடுப்புக்குள் பாம்பாக நெளியும் கூட்டம், இதோ வாசல் என்று நினைக்கும்போது இன்னொரு கொட்டகை. தர்ம தரிசனம் தனி, காசு கட்டினால் சீக்கிர தரிசனம் தனி. இங்கே அதற்கு எக்ஸ்பிரஸ் பாஸ் என்று பெயர், சில நாட்களில் அது டிக்கெட்டை விட விலை அதிகம். உள்ளே போனால் டார்ச் அடித்து “நகருங்க, நிக்காதீங்க” என்று தள்ளிவிடும் ஊழியர்கள். ‘ஜருகண்டி’ ஒன்றுதான் பாக்கி. லட்டும் இல்லை.

ஆனால் அந்த வரிசையில்தான் எனக்கு ஒரு அம்மாள் கிடைத்தார். என் வயதிருக்கும், கறுப்பினப் பெண்மணி, கழுத்தில் ஒரு குட்டி பேட்டரி விசிறி. பக்கத்து மாநிலமான ஜார்ஜியாவிலிருந்து இரண்டு பேரன்களோடு வருஷம் தவறாமல் வருகிறாராம். அக்டோபர் ஆகியும் ஃபுளோரிடாவில் ராத்திரியில்கூடப் புழுங்கித் தள்ளுகிறது. என் புடவையையும் அதற்கு மேல் நான் போட்டிருந்த ஸ்வெட்டரையும் பார்த்தவர், “முதல்ல அந்தக் கம்பளியைக் கழட்டுங்க” என்று ஆரம்பித்தார். அதற்குப் பிறகு வாய் மூடவில்லை. எனக்கும் அதுதான் வேண்டியிருந்தது. வந்த நாளாய்ப் பக்கத்து வீட்டாரிடம் ‘ஹாய்’க்கு மேல் பேச வாய்ப்பில்லாமல் வாய் புளித்துப் போயிருந்தது.

அவர் சொன்ன பாடம் இது. சுவரில் எங்கே கறுப்புத் துணி தொங்குகிறதோ அங்கே ஆள் இருக்கிறான். எங்கே பிரமாதமாக ஒரு பொம்மையை வைத்து வெளிச்சம் போட்டிருக்கிறார்களோ, அங்கே பொம்மையைப் பார்க்காதே, எதிர்ப்பக்கம் பார். பொம்மை உன் கண்ணைக் கட்டிப்போட, ஆள் மறுபக்கத்திலிருந்து பாய்வான். கத்துகிறவர்களைத்தான் துரத்துவார்கள். சிரித்தால் விட்டுவிடுவார்கள். “தொட மாட்டாங்க, அது சட்டம். நீங்களும் அவங்களைத் தொடக்கூடாது.”

“உங்களுக்குப் பயமாவே இருக்காதா?” என்று கேட்டேன்.

முதியோர் இல்லத்தில் ராத்திரி வேலை பார்க்கிறாராம். “அங்க ராத்திரி மூணு மணிக்கு யாராவது கூப்பிட்டா ஓடணும். இங்க யார் கூப்பிட்டாலும் போக வேண்டியதில்லை. அதுக்குத்தான் வர்றேன்” என்றார்.

பெரிய பேரன் சாப்பாடு வாங்கக் கிளம்பினான். பிட்சா ஃபிரைஸ் என்று ஒரு பண்டத்துக்கு இந்த விழாவில் தனி ரசிகர் கூட்டமே இருக்கிறது: உருளைக்கிழங்கு வறுவலின் மேல் தக்காளிச் சாறு, பாலாடைக்கட்டி, அதற்கு மேல் இறைச்சித் துண்டுகள். நான் சைவம் என்று சொல்லிவிட்டுப் பேசாமல் இருந்தேன். அந்த அம்மாள் பேரனைப் பாதி வழியில் கூப்பிட்டு நிறுத்தினார். “இந்த அம்மாவுக்கு ஒண்ணு இறைச்சி இல்லாம. எடுத்துட்டுக் குடுக்கக் கூடாது, போடாமலே குடுக்கணும். நின்னு பாத்து வாங்கு.” எடுத்துவிட்டுக் கொடுப்பதற்கும் போடாமல் கொடுப்பதற்கும் உள்ள வித்தியாசத்தை நான் சொல்லவே இல்லை. எங்கிருந்து தெரிந்ததோ! பேரன் காகிதத் தட்டோடு வந்தான். வறுவல் சாறில் ஊறித் தொளதொளத்துவிட்டது, உப்பும் தூக்கல். ஆனாலும் தட்டைக் காலி செய்தேன். காசு கொடுக்கப் போனால் வாங்கவில்லை. கைப்பையில் கும்பகோணத்திலிருந்து கொண்டுவந்த எள்ளுருண்டைப் பொட்டலம் இருந்தது, கொடுத்தேன். ஒன்றைக் கடித்துவிட்டு மிச்சத்தைப் பேரன்கள் கண்ணில் படாமல் உள்ளே வைத்துக்கொண்டார்.

சரி, வீடு. எங்கள் முதல் வீட்டில் பாரிஸ் நகரத்துப் பாதாளக் கல்லறைகள். சுவர் முழுக்க மண்டை ஓடு. ஈரமண் வாடை வேறு; இவர்கள் வாசனையைக்கூட விடுவதில்லை. ஓபரா மாளிகைப் பேய், நோத்ர்தாம் கூனன், கண்ணுக்குத் தெரியாத மனிதன் என்று யுனிவர்சல் கம்பெனியின் பழைய சொத்துகள் அத்தனையும் உள்ளே. இந்தப் பேய்களை வைத்துத்தான் அந்தக் கம்பெனி அந்தக் காலத்தில் பெயர் வாங்கியது. 1925-இல் வந்த ஓபரா பேய்ப் படத்தில் லான் சானி தன் மேக்கப்பைத் தானே போட்டுக்கொண்டார். 1931-இல் டிராகுலா, ஃபிராங்கன்ஸ்டைன் இரண்டும் வந்தன. ஓர்லாண்டோ பூங்கா திறந்தது 1990-இல். மறுவருஷம் மூன்றே ராத்திரிக்கு, ஒரே ஒரு பேய் வீட்டோடு ஆரம்பித்தார்கள். 2023-இல் செப்டம்பர் முதல் நவம்பர் வரை இழுத்தது. இதற்கெல்லாம் மூத்தது கலிஃபோர்னியாவில் நாட்ஸ் பெர்ரி ஃபார்ம், அங்கே 1973-லேயே தொடங்கிவிட்டார்கள்.

அம்மாள் சொன்ன பாடம் எனக்குப் பலித்தது. கறுப்புத் துணி தெரிந்தது, ஆள் வருமுன்னே சிரித்தேன், வந்தவன் சுரத்தில்லாமல் பின்வாங்கினான். அப்போது எனக்கும் முன்னால் போனவர்களுக்கும் இடையே பத்தடி இடைவெளி விழுந்துவிட்டது. வளைவில் நான் மட்டும். விளக்கு விட்டுவிட்டு மின்னியது. பக்கத்துத் திரை விலகி ஒரு உருவம் வந்தது. பாதி முகம் அழுகித் தொங்குகிறது, மயிர் சிக்குப் பிடித்திருக்கிறது, நகம் ஒவ்வொன்றும் விரல் நீளம். என் காதருகே குனிந்தது. நான் சிரிக்க வாயைத் திறந்தேன், சிரிப்பு வரவில்லை.

“தரை சரிவா இருக்கும்மா, பார்த்து” என்றது, மெதுவாக.

இருபது வயதுப் பெண் குரல். தொண்டை கட்டியிருந்தது. ராத்திரி முழுக்கக் கத்துகிறாளே, கட்டாமல் என்ன செய்யும். குனிந்து பார்த்தால் தரை நிஜமாகவே சரிந்துதான் போனது, புடவைக் கொசுவம் செருப்பில் மாட்டியிருந்தது. இழுத்துச் சொருகிக்கொண்டு நகர்ந்தேன். மறுநொடியே அவள் எனக்குப் பின்னால் வந்த தங்கை மகன் மேல் பாய்ந்தாள். அவன் போட்ட கூச்சலை இன்னும் சொல்லிக் காட்டிக்கொண்டிருக்கிறேன்.

அதற்கப்புறம் எனக்குப் பேய்கள் தெரியவில்லை, ஆட்கள்தான் தெரிந்தார்கள். தேய்ந்த ரப்பர் பூட்ஸ், முகமூடி விளிம்பில் வழியும் வியர்வை. இரண்டு அணியாகப் பிரிந்து மாறி மாறி நிற்கிறார்களாம். இன்னொன்றும் கண்ணில் பட்டது. கல்லறையோ கொலைகாரன் வீட்டுச் சமையலறையோ, எல்லா அறையிலும் மூலையில் ‘வெளியேறும் வழி’ என்ற விளக்குப் பலகை எரிகிறது. “மூடே போயிடுது” என்று முன்னால் போன பையன் அலுத்துக்கொண்டான். அந்தப் பலகைகளுக்குப் பின்னால் ஒரு கதை உண்டு. 1984 மே மாதம் நியூ ஜெர்சியில் ஒரு பூங்காவின் பேய்க் கோட்டையில் தீப்பிடித்தது. லாரி டிரெய்லர்களை ஒட்டிக் கட்டிய இருட்டு வழி. தண்ணீர் தெளிக்கும் அமைப்பு கிடையாது. எட்டுப் பிள்ளைகள் செத்துப்போனார்கள், எல்லாரும் பதின்பருவத்துக்காரர்கள். நாடு முழுக்கச் சட்டம் இறுகியது அதற்குப் பிறகுதான். மூடு போனால் போகட்டும்.

சுத்தத்தைப் பற்றி ஒரு வார்த்தை. நள்ளிரவு தாண்டியும் கழிப்பறை பளிச்சென்று இருந்தது, எல்லாக் குழாயிலும் தண்ணீர் வந்தது. ஆனால் ஊசிக் குழாயில் அடைத்த ஜெல்லி மதுவை வாயைப் பிளந்து வாங்கிக் குடித்துவிட்டு, சின்னஞ்சிறுசுகள் நடைபாதையிலேயே காலை நீட்டிப் படுத்துவிடுகிறார்கள். தாண்டித் தாண்டித்தான் போக வேண்டியிருந்தது. நம்மூர்த் திருவிழாவிலும் விழுந்து கிடப்பார்கள், ஓரமாக விழுவார்கள்.

கடைசியாகப் பார்த்த வீடுகளைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. பனிமனிதன் ஒன்று, ஏதோ வீடியோ கேமிலிருந்து வந்த காளான் முளைத்த பிணங்கள் ஒன்று. கால் வலியில் எனக்குக் கொட்டாவி வந்தது. பாய்ந்து வந்த பிணம் அதைப் பார்த்துவிட்டுத் தானும் கொட்டாவி விட்டது. கிண்டலா, நிஜமா, தெரியவில்லை.

அந்தப் பயணத்தில் என்னை நிஜமாகவே பயமுறுத்தியது தங்கிய விடுதிக்காரர்கள்தான். பெயர் வேண்டாம். அறை வாடகை அறுபத்தெட்டு டாலர் என்று பதிவு செய்திருந்தோம். காலையில் பில்லில் ‘ரிசார்ட் கட்டணம்’ என்று இருபத்தைந்து டாலர் சேர்ந்திருந்தது.

“எதுக்கு இது?” என்று கேட்டேன். தங்கை மகன் என் முழங்கையை இழுத்தான்.

“நீச்சல் குளம், உடற்பயிற்சி அறை, இணைய வசதி” என்றான் கவுண்டர் பையன், கம்ப்யூட்டரை விட்டுக் கண்ணை எடுக்காமல்.

“குளத்துல தண்ணி இல்லையே. தார்ப்பாய் போட்டு மூடி வெச்சிருக்கீங்க. மேல தவளை உக்காந்திருக்கு.”

“பயன்படுத்தினாலும் இல்லாட்டியும் கட்டணம் உண்டு. பதிவு செஞ்ச பக்கத்துல கீழ எழுதியிருக்கும்.”

எழுதியிருந்தது. தங்கை மகன் போனில் எடுத்துக் காட்டினான், எறும்பு சைஸில். விடவில்லை நான். வாடகையென்றால் வாடகையில் சேர்த்துச் சொல். குளமென்றால் குளத்தில் தண்ணீர் விடு. எனக்குப் பின்னால் பெட்டியோடு நின்ற ஒரு வெள்ளைக்காரர் “அவங்க சொல்றது சரிதான்” என்று குரல் கொடுத்ததும் பையன் உள்ளே போய் மேனேஜரை அழைத்துவந்தான். அவர் நிறைய மன்னிப்புக் கேட்டார், டாலர் மட்டும் குறையவில்லை. கடைசியில் இரண்டு தண்ணீர் பாட்டிலும் ஒரு பொட்டலம் பிஸ்கட்டும் இலவசமாகக் கொடுத்தார். பிஸ்கட் நமுத்துப் போயிருந்தது.

அடுத்த வாரம் கென்னடி விண்வெளி மையம். ராக்கெட் பெரிதாக இருந்தது, வெயில் அதைவிடப் பெரிதாக இருந்தது. ஆசிரியர் இன்னும் நாலு வாரம் எழுதச் சொல்கிறார். இரண்டில் முடித்துவிடலாம் என்று நினைக்கிறேன்.