கட்டத்துக்குள் ஓர் அன்னம்

"பையன் என்ன செய்யப் போகிறான்?" என்று கேட்டால், டாக்டர் என்றோ இன்ஜினீயர் என்றோ சொல்லித் தகப்பனார்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். "கம்ப்யூட்டர் விளையாட்டு தயாரிக்கப் போகிறான்" என்று சொல்ல நேர்ந்தால்? காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் இருக்கும் என் அத்தான் அந்தச் சங்கடத்தில் மாட்டிக்கொண்டிருக்கிறார்.

அக்கா பையன் நன்றாகப் படம் போடுவான். சுமாராக மிருதங்கம் வாசிப்பான். கல்லூரி நாடகத்துக்கு வசனமும் எழுதினான். கல்லூரி அவனுக்கு ஒரு பட்டம் கொடுத்தது, வீட்டில் இன்னொரு பட்டம் கொடுத்தார்கள் – "எதிலும் நிலைக்காதவன்!"

"நீதான் பத்திரிகைக்காரனாயிற்றே, தம்பி. நாலு வார்த்தை புத்தி சொல்லேன்" என்றார் அத்தான்.

புத்தி சொல்வதற்கு முன்னால் விஷயத்தை விசாரிப்பதுதானே பத்திரிகைக்காரன் வேலை? விசாரித்தேன்.

இந்தத் தொழிலில் உலகப் புகழ் பெற்றவர் ஜப்பானியரான ஷிகெரு மியாமோட்டோ. கலைக் கல்லூரியில் வடிவமைப்புப் படித்தவர். சித்திரக் கதை வரைய ஆசைப்பட்டவர். 1981-ல் 'டாங்கி காங்' விளையாட்டுக்காக அவர் ஒரு குட்டிக் கதாநாயகனைப் படைத்தார். அவனை வரையக் கிடைத்த இடமோ சில கட்டங்கள்தாம். தலைமயிர் வரைவது கஷ்டம், தொப்பி வைத்துவிட்டார். மூக்கு எடுப்பாகத் தெரிய வேண்டும்; கீழே மீசை வைத்தார். அவன்தான் பிற்பாடு உலகமெல்லாம் ஓடித் திரிந்த மாரியோ!

இதைக் கேட்டதும் எனக்கு அத்தானின் ஞாபகம் வந்தது. பட்டுப்புடவைக்கு டிசைன் போடுவது அவர் தொழில். கட்டம் போட்ட காகிதத்தில் மயிலையும் யாளியையும் ஒவ்வொரு கட்டமாக நிரப்புவார். அந்தப் படத்தைப் பார்த்து அட்டைகளில் துளை போடுவார்கள். தறியின் மேலே இருக்கும் ஜக்கார்டு பெட்டியில், துளை இருந்தால் பாவு இழை மேலே எழும்பும், இல்லாவிட்டால் கிடக்கும். பிரான்சில் 1804-ல் ஜக்கார்டு என்பவர் செய்த ஏற்பாடு இது. 1830-களில் இங்கிலாந்தின் சார்லஸ் பாபேஜ், தாம் திட்டமிட்ட கணித யந்திரத்துக்கு இந்த அட்டை முறையைத்தான் எடுத்துக்கொண்டார். கம்ப்யூட்டருக்குத் தறி தூரத்து உறவு என்றால் தப்பில்லை.

தமிழ்க் குடும்பத்தின் கதையும் விளையாட்டாகியிருக்கிறது. டொரன்டோவிலுள்ள விசை கேம்ஸ் 2023-ல் வெளியிட்ட 'வெண்பா', 1988-ல் கனடாவில் குடியேறிய ஒரு தாயைப் பற்றியது. அம்மாவின் சமையல் புத்தகத்தில் எழுத்து அழிந்த இடங்களை ஊகித்து, நாம் இட்லியும் புட்டும் செய்ய வேண்டும். 2024-ல் பிரிட்டனின் பாஃப்டா நிறுவனம் அதற்குச் சிறந்த முதல் விளையாட்டு என்று பரிசு கொடுத்தது. படம், பாட்டு, கதை, சமையல் – இத்தனையும் தேவைப்படும் தொழிலுக்கு எதிலும் நிலைக்காதவன்தானே லாயக்கு!

ஆனாலும் மனசில் பட்டதை மறைக்காமல் சொன்னேன்: "வருமானம் நிச்சயமில்லை, அத்தான். 2023, 2024-ல் பெரிய கம்பெனிகளே ஆயிரக்கணக்கான பேரை வீட்டுக்கு அனுப்பின."

அத்தான் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "தறி மட்டும் நிச்சயமா, தம்பி?" என்றார்.

பையனிடம், "மூன்று நிமிஷ விளையாட்டானாலும் சரி, ஒன்றை முழுசாக முடித்துக் காட்டு" என்றேன். பெங்களூரில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் இதற்கென்றே முதுகலைப் படிப்பு நடத்துவதையும் சொன்னேன்.

போன மாதம் போயிருந்தபோது அப்பாவும் பிள்ளையும் ஒரே திரையின் முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். திரையில் ஓர் அன்னம்.

"இது தறியில் இறங்காதுடா. கழுத்து வளைவு உடைகிறது பார்" என்றார் அத்தான்.

"தறியில் இறங்க வேண்டாம், அப்பா. இது பறக்க வேண்டும்."

அத்தான் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"அப்படியானால் இறக்கைக்கு இன்னும் இரண்டு கட்டம் கொடு!"