பால் மேல் வந்த பழி

எதிர்மனுவின் நான்காவது பத்தியில் இருந்த வாசகம் இது: "மனுதாரர் உட்கொண்டுவரும் வலிப்பு மாத்திரையால் அவரது தாய்ப்பாலே விஷமாகி, குழந்தை மஞ்சள் காமாலை கண்டு உயிருக்குப் போராடியது." வரதட்சணை, சந்தேகம், குடி என்று குடும்ப நீதிமன்றத்தில் எத்தனையோ குற்றச்சாட்டுகளுக்குப் பதில் எழுதியிருக்கிறேன். தாய்ப்பாலையே கூண்டில் ஏற்றிய மனு அது ஒன்றுதான்.

மதுரைப் பக்கத்துப் பெண். பள்ளி நாட்களிலேயே வலிப்பு வந்து, லெவிடிரசிடாம் 500 மில்லிகிராம் காலையும் இரவும் சாப்பிட்டுவந்தவர். பெண் பார்க்க வந்த அன்றே அவருடைய அப்பா விஷயத்தைச் சொல்லிவிட்டார். மாப்பிள்ளை வீட்டாரும் தெரிந்தேதான் சம்மதித்தார்கள். ஆண் குழந்தை பிறந்தது. இரண்டு வாரம் நன்றாக இருந்த பிள்ளை, திடீரென்று உடம்பெல்லாம் மஞ்சள் பூத்து, பால் குடிக்காமல் துவண்டுபோனது. ஆஸ்பத்திரியில் நீல விளக்கின் கீழ் வைத்தார்கள், ரத்தமும் ஏற்றினார்கள். பிழைத்துக்கொண்டது. டிஸ்சார்ஜ் ஆனதும் புகுந்த வீட்டார் குழந்தையைத் தூக்கிப்போய்ப் புட்டிப்பாலுக்கு மாற்றிவிட்டார்கள். தாய் பிறந்த வீட்டிலேயே நின்றுபோனார்.

என்னிடம் வந்தபோது அவர் கேட்டது இதுதான்: "மாத்திரைய நிறுத்திட்டேன் மேடம். இதைச் சொன்னா பிள்ளையக் குடுத்துருவாங்கல்ல?" உண்மையாகவே நிறுத்தியிருந்தார். அடுப்படியில் வலிப்பு வந்து விழுந்ததில் முழங்கை வரை தீக்காயம். அவரை அன்றே நரம்பியல் மருத்துவரிடம் அனுப்பினேன். வக்காலத்துக் கையெழுத்தெல்லாம் அப்புறம்தான். வலிப்பு மாத்திரையைத் திடீரென்று விடுவது உயிரையே வாங்கக்கூடியது. பிள்ளையை மடியில் வைத்திருக்கும் நேரத்தில் வலிப்பு வந்தால் இரண்டு உயிருக்கும் ஆபத்து.

1956ஆம் ஆண்டின் இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டம், 6(அ) பிரிவின்படி ஐந்து வயது நிறையாத குழந்தை பொதுவாகத் தாயிடம்தான் இருக்க வேண்டும். அதை மீற வேண்டுமானால் தாயால் பிள்ளைக்குக் கேடு என்று காட்டியாக வேண்டும், அதற்காகத்தான் 'விஷம்'. கூடவே, வலிப்புள்ளவரின் திருமணமே செல்லாது என்றும் வாதிட்டார்கள். இந்துத் திருமணச் சட்டத்தின் 5ஆம் பிரிவில் வலிப்பு ஒரு தடையாக இருந்த காலம் உண்டு. 1999ஆம் ஆண்டுத் திருத்தம் அதை நீக்கிவிட்டது. சட்டப் புத்தகத்தை விட்டுப் போன பழி வீடுகளை விட்டுப் போகவில்லை என்பதை நினைத்தால் இன்றும் மனம் கொதிக்கிறது.

நரம்பியல் மருத்துவரைச் சாட்சியாக அழைத்தேன். மருந்து பாலில் போகத்தான் செய்யும் என்று அவர் ஒளிக்காமல் சொன்னார். ஆனால் வயிற்றில் இருந்தபோது தாயின் ரத்தத்தில் இருந்த அளவு மருந்து ஏறக்குறைய பிள்ளையின் ரத்தத்திலும் இருந்தது; பாலின் வழியாகப் போவதில் பிள்ளையின் ரத்தத்தில் தங்குவது மிகக் குறைவு. பிள்ளை அளவுக்கு மீறித் தூங்குகிறதா, எடை கூடுகிறதா என்று பார்த்துக்கொண்டால் போதும் என்றார். "அப்படியானால் எல்லா மாத்திரையும் சாப்பிடலாமா?" என்று எதிர்த்தரப்பு வக்கீல் மடக்கினார். கூடாது என்றார் மருத்துவர். கதிரியக்க அயோடினும் பெரும்பாலான புற்றுநோய் மருந்துகளும் கொடுத்தால் பாலை நிறுத்தத்தான் வேண்டும். கோடீன், டிரமடால் ஆகிய வலி மருந்துகளைப் பாலூட்டும் தாய்மார் சாப்பிட வேண்டாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2017இல் எச்சரித்தது. ஒவ்வொரு மருந்தையும் தனித்தனியாகத்தான் பார்க்க வேண்டும்.

அப்படியானால் காமாலை எங்கிருந்து வந்தது? பதில் ஆஸ்பத்திரி கேஸ் ஷீட்டில் கிடந்தது. சேர்த்த இரவு பணியில் இருந்த இளம் மருத்துவர் ஒரு வரி எழுதியிருந்தார்: குழந்தையைச் சுற்றியிருந்த துணியில் பாச்சை உருண்டை நாற்றம். ஜி6பிடி பரிசோதனை சரியாக வந்திருந்தாலும், மூன்று மாதம் கழித்து மறுபடி பார்க்கும்படியும் குறித்திருந்தார். ஜி6பிடி என்பது ரத்தச் சிவப்பணுக்களைக் காக்கும் ஒரு நொதி. அது குறைவாக உள்ள பிள்ளைக்கு, பாச்சை உருண்டையில் இருக்கும் நாப்தலீன் தோல் வழியாகவோ மூச்சு வழியாகவோ உள்ளே போனால் சிவப்பணுக்கள் உடைந்து காமாலை ஏறும். மூளை வரை பாதிக்கலாம். உடைந்த சமயத்தில் சோதித்தால், மிஞ்சியிருக்கும் இளம் அணுக்களில் நொதி கூடுதலாக இருப்பதால் முடிவு சரியாக இருப்பதுபோல் ஏமாற்றும். நீதிமன்ற அனுமதியோடு மறுபரிசோதனை செய்தோம். நொதிக் குறைவு உறுதியானது.

தொட்டில் போட்ட அன்று, மகன் பிறந்தபோது கட்டிய பழைய வேட்டித் துணிகளை, பாச்சை உருண்டை போட்டு வைத்திருந்த இரும்புப் பெட்டியிலிருந்து எடுத்து வந்து பேரனைச் சுற்றியிருந்தார் மாமியார். கூண்டில் நின்றபடி, "ஆசையாப் போட்டேனே, அப்ப நானா செஞ்சேன்?" என்று நீதிபதியைப் பார்த்துக் கேட்டார். அதற்கு மேல் அவரிடம் நான் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. ஒரு பெண் மேல் இருந்த பழியை இன்னொரு பெண் மேல் மாற்றிப் போடுவதற்காக நான் அந்த வழக்கை எடுக்கவில்லை.

எதிர்த்தரப்பு கடைசியாக ஒன்றைப் பிடித்துக்கொண்டது: இந்தக் குறை மகனுக்குத் தாயிடமிருந்துதானே வருகிறது? உண்மைதான், எக்ஸ் குரோமோசோம் வழியாக வருகிறது. பிறவியில் வந்த ரத்தத்தைக் குற்றமாக எண்ணும் பிரிவு எந்தச் சட்டத்தில் இருக்கிறது என்று கேட்டேன். பதில் வரவில்லை.

குழந்தையைத் தாயிடம் ஒப்படைக்க இடைக்கால உத்தரவு கிடைத்தது. வற்றிப்போன பாலைச் செவிலியர் உதவியோடு மறுபடி சுரக்கவைத்தார். முழுதாக இல்லாவிட்டாலும் பிள்ளைக்குக் கிடைத்தது. நொதிக் குறைவுக்காகப் பாலை நிறுத்தத் தேவையில்லை என்று குழந்தை மருத்துவர் எழுதிக் கொடுத்தார். டாப்சோன், பிரைமாகுயின், நைட்ரோஃபுரன்டாயின் ஆகிய மருந்துகளைத் தாயும் தவிர்க்க வேண்டும் என்ற குறிப்பு மட்டும் அதில் இருந்தது.

பச்சைக் குழந்தை இருக்கும் வீட்டாரிடம் நான் வேண்டுவது இரண்டு. பிள்ளையின் துணிப் பெட்டியில் பாச்சை உருண்டை போடாதீர்கள். தாய் சாப்பிடும் மாத்திரையில் சந்தேகம் வந்தால், மாத்திரையையோ பாலையோ நீங்களாக நிறுத்தாமல், மருந்துச் சீட்டோடு அன்றே மருத்துவரிடம் போய்க் கேளுங்கள்.