ஏழரை அங்குல இருப்புப்பாதை

அமெரிக்காவின் ஒரெகன் மாநிலத்தில், மேல் கிளாமத் ஏரிக்கு அருகே சிலொக்வின் என்றொரு சிற்றூர் உள்ளது. அதனையடுத்த பைன் காட்டினுள் 30 மைலுக்கும் மேலாக நெளிந்தோடுகிறது ஓர் இருப்புப்பாதை. தண்டவாளங்களுக்கு இடையே ஏழரை அங்குலமே இடைவெளி! 1987இல் குவென்டின் பிரீன் என்பவர் தோற்றுவித்த 'டிரெயின் மவுண்டன்' இதுவே. உலகிலேயே மிக நீளமான சிற்றிருப்புப்பாதை என 2004இல் கின்னஸ் நூல் இதனை ஏற்றது.

மூன்றாண்டுக்கொருமுறை இங்கே பெருங்கூட்டம் கூடும். ஆர்வலர்கள் தத்தம் எஞ்சின்களை லாரிகளில் ஏற்றிக்கொண்டு வந்து சேர்வர். அவற்றை விளையாட்டுப் பொருள்கள் என எண்ணிவிட வேண்டாம். அசல் எஞ்சினில் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கே எனினும், கொதிகலனில் நெருப்பும் நீராவியும் மெய்யானவை. பல எஞ்சின்கள் ஆண்டுக்கணக்கில் வீட்டுப் பட்டறையில் கடைந்து உருவாக்கப்பட்டவை. எஞ்சினுக்குப் பின்னுள்ள வண்டியின் மீதமர்ந்து செலுத்துபவரின் கண் நீர்மட்டக் கண்ணாடிக் குழாயை விட்டு அகலலாகாது. நீர் குறைந்து, எரியறையின் மேல்தகடு வறண்டுவிட்டால் கொதிகலனே வெடிக்கக்கூடும்.

நெருப்பின் அச்சம் அத்துடன் நின்றுவிடுவதில்லை. கோடையில் இக்காட்டின் தரையெங்கும் காய்ந்த ஊசியிலைகள். இதே கிளாமத் மாவட்டத்தில் 2021 ஜூலையில் மூண்ட 'பூட்லெக்' காட்டுத்தீ 4 இலட்சம் ஏக்கருக்கு மேல் எரித்தழித்தது. நிலக்கரி எரிந்தால் புகைபோக்கி வழியே பொறி பறக்கும். எரிவாயுவில் அந்தத் தொல்லை வெகு குறைவு. ஆகவே சிற்றெஞ்சின் வைத்திருப்போர் பலர் அதனை நாடுகின்றனர். கரிப்புகை மணக்காத நீராவி எஞ்சினும் ஓர் எஞ்சினா என்று பழைய ஆர்வலர்கள் அலுத்துக்கொள்ளக்கூடும்!