உப்பின் எட்டு முகம்



அடுப்படியில் இருக்கும் கல்லுப்பில் உடையாத மணியாகப் பார்த்து எடுங்கள். ஆறு முகம் கொண்ட கனசதுரமாக இருக்கும். அதே உப்பைத் தண்ணீரில் கரைத்து, வயல்காரர்கள் அறிந்த யூரியாவையும் கணிசமாகச் சேர்த்து மெல்ல வற்றவிட்டால், எட்டு முகமுள்ள மணிகள் விளையும். உப்பு அதே உப்புதான். உருவம் மட்டும் வேறு. பிரெஞ்சு அறிஞர் ரோமே தெ லிசில் 1783ஆம் ஆண்டிலேயே இதைப் பதிவு செய்தார். அவர் கையாண்டது சிறுநீர் என்று சொன்னவுடன், "நஜீஸ், ஹள்ரத்!" என்று மாணவர்கள் முகம் சுளித்தார்கள்.

படிகத்தின் எல்லா முகங்களும் ஒரே வேகத்தில் வளர்வதில்லை. விரைந்து வளரும் முகம் தேய்ந்து மறைந்துவிடும். மெல்ல வளரும் முகமே நிலைக்கும். யூரியா சில முகங்களில் ஒட்டிக்கொண்டு அவற்றின் வளர்ச்சியைத் தடுக்கிறது. தடுக்கப்பட்ட முகங்களே இறுதியில் மணியின் உருவமாகின்றன.

இதற்கு வேறொரு வழியைக் கண்டவர்கள் நம் பக்கத்திலேயே இருக்கிறார்கள். காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழகத்தின் சங்கரநாராயணனும், அண்ணா பல்கலைக்கழகப் படிக வளர்ச்சி மையத்தின் இராமசாமியும் 2005ஆம் ஆண்டு ஒரு முறையை வெளியிட்டார்கள். கண்ணாடிக் குழாயின் அடியில் ஒரு விதைப் படிகத்தை, வேண்டிய திசை மேல்நோக்கி இருக்குமாறு பொருத்துகிறார்கள். அதன்மேல் செறிந்த கரைசலை ஊற்றி, குழாயின் மேற்பகுதியை மட்டும் வளைய வடிவச் சூடேற்றியால் இளஞ்சூட்டில் வைக்கிறார்கள். கரைப்பான் ஆவியாக ஆவியாக, படிகம் குழாயின் வடிவத்திலேயே மேலெழும்புகிறது. பொதுவாகக் குவளையில் வளரும் படிகத்தை வேண்டிய திசையில் அறுக்கும்போது பெரும்பகுதி கழிவாகிவிடும்; இம்முறையில் அந்தக் கழிவு குறைவு. லேசர் ஒளியின் நிறத்தை மாற்றும் படிகங்களையும் இவ்வாறு வளர்க்கிறார்கள். உலகெங்கும் ஆய்வுக் கட்டுரைகளில் இது அவ்விருவர் பெயராலேயே வழங்குகிறது.

ஜாபிர் இப்னு ஹய்யானைப் பற்றி நம் மேடைகளில் பேசாத நாளில்லை. பேசட்டும். ஆனால் ஆவுடையார்கோவிலிலிருந்து அறந்தாங்கி வழியே பேருந்தில் போய்வரும் தொலைவில் நடந்த இந்த ஆய்வை நம் பிள்ளைகளில் எத்தனை பேர் அறிவர்?

என்னிடம் சிறுவயது முதல் ஓதிய மாணவன் ஒருவன் இவ்வாண்டு பன்னிரண்டாம் வகுப்பு முடித்தான். இயற்பியல் படிக்க விரும்புகிறான். அவனுடைய அத்தா வளைகுடாவில் கடை வேலைக்கு விசா பேசி முடித்துவிட்டார்.

"மூணு வருசம் படிச்சா மட்டும் சம்பளம் வந்துருமா ஹள்ரத்? அடுத்து தங்கச்சி கல்யாணம் நிக்கிது" என்றார். அவர் சொன்னது பொய்யில்லை. இருபது ஆண்டுகளாக அந்த வெயிலில் நின்றவர் அவர். நான் வாதாடவில்லை. உதவித்தொகை விவரங்களையும், பல்கலைக்கழக விடுதிக் கட்டணத்தையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன்.

தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, விண்ணப்பிக்கக் கடைசி நாள் எது என்று மட்டும் கேட்டார்.