'எல்லாப் பூச்சிக்கும் ஒரே தீர்வு' என்று எழுதினேன்... அம்மாவின் காளான் கருகிப்போனது!

போன வருடம் தீபாவளிக்கு ஊருக்குப் போயிருந்தேன். அம்மா கொடுத்த டீயில் ஒரு குட்டிக் கறுப்புப் பூச்சி மிதந்தது. எடுத்துப் போட்டுவிட்டுக் குடித்தேன். இரண்டு மடக்கு கழித்து இன்னொன்று. நிமிர்ந்து பார்த்தால், டியூப் லைட்டைச் சுற்றிக் கூட்டமாகப் பறந்துகொண்டிருந்தன.

"என்னம்மா, இவ்ளோ கொசு?"

"கொசு இல்லடி, காளான் ஈ" என்றார் அம்மா. அதற்கு மேல் அவர் எதுவும் சொல்லவில்லை. அந்த மௌனம்தான் எனக்கு உறுத்தியது.

மயிலாடுதுறை பக்கம் எங்கள் ஊர். அப்பாவுக்கு முதுகு வலி வந்து வேலைக்குப் போவது குறைந்ததும், மகளிர் சுய உதவிக் குழுவில் 40,000 ரூபாய் கடன் வாங்கி, கொல்லைப்புற அறையில் சிப்பிக்காளான் போட ஆரம்பித்தார் அம்மா. வைக்கோலுக்கு எங்கள் ஊரில் பஞ்சமில்லை. அதைச் சின்னச் சின்னதாக நறுக்கி, ஊறவைத்து, வேகவைத்து, ஈரத்தைக் காயவிட்டு, பாலித்தீன் பையில் வைக்கோல் ஓர் அடுக்கு, காளான் விதை ஓர் அடுக்கு என நிரப்பிக் கட்டினால் ஒரு 'பெட்' தயார். இருட்டறையில் இரண்டு, மூன்று வாரம் தொங்கவிட்டால் பை முழுக்க வெள்ளை இழை ஓடிவிடும். பிறகு மொட்டு வரும்.

முதல் நான்கு மாதம் நன்றாகவே போனது. 200 கிராம் பாக்கெட் 40 ரூபாய். குழுத் தவணை போக, என்னிடம் கை நீட்டாமல் வீட்டைப் பார்த்துக்கொண்டார். அதில் அம்மாவுக்கு ஒரு தனிப் பெருமை.

இப்போது அறைக்குள் போய்ப் பார்த்தேன். பாதி பெட்கள் மொட்டே விடவில்லை. சில பைகளில் பச்சைத் திட்டு. விட்ட மொட்டுகளும் மஞ்சளாகிக் கருகியிருந்தன. அறை முழுக்க ஒரு கசப்பு வாடை. எனக்குத் தெரிந்த வாடைதான்.

"வேப்பெண்ணெய் அடிச்சியாம்மா?"

"நீ எழுதினதுதானே பாப்பா... அதைப் பார்த்துத்தான் அடிச்சேன்."

அம்மா போனை எடுத்துக் காட்டினார். 'வீட்டுக்குள் வளர்க்கும் செடிகளில் பூச்சியா? எல்லாப் பூச்சிக்கும் ஒரே தீர்வு!' அப்போது நான் வேலை பார்த்த இணையதளத்தில் எழுதியது. டிப்ளமோ முடித்துச் சேர்ந்த புதிது. ஒரு நாளைக்கு ஆறு கட்டுரை. நாலைந்து இடத்தில் படித்துவிட்டு, வேப்பெண்ணெய், சோப்புக் கரைசல் என்று முக்கால் மணி நேரத்தில் முடித்த கட்டுரை. 'எல்லாப் பூச்சிக்கும்' என்ற வார்த்தையை யாரும் கேட்கவில்லை. தலைப்புக்கு நன்றாக இருக்குமென்று நானேதான் போட்டேன்.

நான் எழுதும் எல்லாவற்றையும் அம்மா படிப்பார். குழுவில் எல்லோருக்கும் அனுப்பவும் செய்வார். அதனால்தான் என்னிடம் அவர் எதையும் சொல்லவில்லை. சொன்னால் எனக்குக் கஷ்டமாக இருக்குமாம்.

தீபாவளிக்கு மறுநாள், பக்கத்து ஊரில் எட்டு வருடமாகக் காளான் போடும் மாமா ஒருவரைக் கூட்டிவந்தோம். உள்ளே நுழைந்ததுமே மூக்கைச் சுளித்தார்.

"அக்கா, வேப்பெண்ணெய்க்குப் பூஞ்சையைக் கட்டுப்படுத்துற குணமும் இருக்கு. காளான் என்ன? அதுவும் பூஞ்சைதானே!"

எனக்கு முகம் எரிந்தது. ரோஜாவில் மாவுப்பூச்சி வந்தால் வேப்பெண்ணெய் சரிதான். காளான் செடி இல்லை என்ற சின்ன விஷயம் என் கட்டுரையில் இல்லை. வேறு பூச்சிமருந்து அடித்திருந்தால் இன்னும் ஆபத்து. காளானுக்குத் தோல் கிடையாது, உரித்துவிட்டுச் சாப்பிட. தெளித்தது அப்படியே தட்டுக்கு வந்துவிடும்.

மாமா ஒரு பெட்டைப் பிரித்துக் காட்டினார். வைக்கோலுக்குள் வெள்ளை வெள்ளையாகப் புழுக்கள், தலை மட்டும் கறுப்பு. பறக்கிற ஈ காளானைத் தின்பதில்லை. அது முட்டை போட வருகிறது. வெள்ளை இழையைத் தின்பதும், காளான் தண்டைக் குடைவதும் இந்தப் புழுதான். அது பைக்குள் பத்திரமாக இருக்கும்போது, வெளியே என்ன தெளித்து என்ன?

பச்சைத் திட்டு இருந்த பையின் மேல் செந்தூள் மாதிரி ஏதோ படிந்திருந்தது. உற்றுப் பார்த்தால், தூள் நகர்ந்தது!

"இது பூச்சியே இல்ல பாப்பா. எட்டுக் கால். சிலந்தி, உண்ணி இதுங்களோட சாதி. காளானைத் திங்க வரல, அந்தப் பச்சைப் பூஞ்சையைத் திங்க வந்திருக்கு. வைக்கோல் சரியா வேகலைன்னு உங்களுக்குச் சொல்லுது."

மழைக்காலத்தில் விறகு நனைந்ததால் வேகவைக்கும் நேரத்தைக் குறைத்ததாக அம்மா அப்போதுதான் ஒப்புக்கொண்டார். ஒரு பையிலிருந்து இன்னொரு பைக்குப் பூஞ்சை வித்துகளையும் இந்தச் சிற்றுயிர்களையும் சுமந்து போவதும் அதே ஈக்கள்தானாம்.

"ஈ எங்கேயிருந்து வருது?" என்று கேட்டேன். மாமா ஜன்னலைத் திறந்து வெளியே கை காட்டினார். நாலடி தூரத்தில், அறுவடை முடிந்த பழைய பெட்கள் குவிந்து கிடந்தன. எருவாகட்டும் என்று அம்மா சேர்த்து வைத்தது. ஈக்களுக்கு அதுதான் பிரசவ ஆஸ்பத்திரி! ஜன்னலில் கொசுவலை இருந்தது. ஆனால், அதன் கண்ணில் இந்த ஈ சுலபமாக நுழைந்துவிடும்.

அன்று மாமா சொன்னதை நோட்டில் எழுதிக்கொண்டேன். பழைய பெட்களை வீட்டை விட்டுத் தூரமாகக் கொண்டுபோய்க் குழியில் போட்டு மூட வேண்டும். ஜன்னலுக்கும் கதவுக்கும் அங்குலத்துக்கு 35, 40 கண் உள்ள நைலான் வலை கட்ட வேண்டும். அறைக்குள் மஞ்சள் ஒட்டு அட்டை தொங்கவிட வேண்டும். பாதிப்பு வந்த பையை அங்கேயே பிரிக்காமல், கட்டி வெளியே எடுத்துவிட வேண்டும். வேலை செய்யும்போது புதுப் பெட்டிலிருந்து பழைய பெட்டுக்குப் போகலாம். திரும்பி வரக் கூடாது.

கடைசியாக அவர் சொன்னதுதான் கஷ்டமானது. அறையை முழுசாகக் காலி செய்து, கழுவி, மூன்று வாரமாவது சும்மா போட வேண்டும். பழைய பெட்டும் புதுப் பெட்டும் எப்போதும் ஒன்றாகவே இருந்ததால், ஒரு தலைமுறை ஈ சாவதற்குள் அடுத்த தலைமுறைக்குச் சாப்பாடு தயாராக இருந்தது. அந்தச் சங்கிலி அறுந்தால்தான் வழி.

"மூணு வாரம் சும்மா போட்டா? அப்புறம் புதுப் பெட் போட்டு மொட்டு வர இன்னொரு மூணு வாரம். தவணையை யார் கட்டுறது?" அம்மாவின் குரல் உடைந்தது. குழுவில் ஒருவர் கட்டாவிட்டால் மற்றவர்கள் முகத்தில் விழிக்க முடியாது. அம்மா அந்தக் குழுவின் செயலாளர் வேறு.

"ரெண்டு மாசத் தவணை நான் கட்டுறேம்மா" என்றேன்.

"உன் காசு வேணாம்."

"இது காசு இல்லம்மா. நான் எழுதினதுக்கு அபராதம்."

அம்மா சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "அபராதம்னா வாங்கிக்கிறேன்" என்றார்.

லீவை இரண்டு நாள் நீட்டினேன். நானும் அப்பாவும் பெட்களைச் சாக்கில் கட்டி வெளியே கொண்டுபோனோம். முதுகு வலியோடு அப்பா வலையை ஆணியடித்தார். அம்மா பிளீச்சிங் பவுடர் கரைத்துத் தரையைக் கழுவினார். காலி அறையைப் பார்த்தபோது மூன்று பேரும் பேசவில்லை.

தை பிறந்தபோது முதல் அறுவடை. இரண்டரை கிலோ. ஈ முழுசாகப் போய்விடவில்லை. போகவும் போகாது என்கிறார் மாமா. ஆனால், அம்மா இப்போது தினமும் காலையில் மஞ்சள் அட்டையில் ஒட்டியிருக்கும் ஈக்களை எண்ணி, காலண்டரில் எழுதிவைக்கிறார். எண்ணிக்கை கூடினால், மருந்தைத் தேடுவதில்லை. வலையில் எங்கே ஓட்டை என்று தேடுகிறார்.

என் பழைய கட்டுரை இன்னமும் இணையத்தில் இருக்கிறது. அதைத் திருத்தும் உரிமை இப்போது என்னிடம் இல்லை. அதைப் படித்துவிட்டு வேறு எந்த அம்மாவாவது வேப்பெண்ணெய் பாட்டிலோடு காளான் அறைக்குள் போனாரா என்று எனக்குத் தெரியாது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

இந்தக் கட்டுரையை அனுப்புவதற்கு முன் முதல்முறையாக அம்மாவுக்கு அனுப்பிப் படிக்கச் சொன்னேன். பத்து நிமிடத்தில் வாட்ஸ்அப்பில் பதில் வந்தது.

'எல்லாம் சரி. தலை மட்டும் கறுப்புன்னு போட்டது நல்லது. இன்னிக்கு அட்டையில நாலுதான்.'