பிளொப்பி ஏன் கத்தியது?

2003 ஆம் ஆண்டு மன்னார் நகரில் ஒரு நிறுவனத்தின் பெண்கள் பிரிவில் எனக்குத் தட்டச்சு வேலை கிடைத்தது. 1990 இல் பேசாலையிலிருந்து வள்ளத்தில் இராமேஸ்வரம் போய், மண்டபம் முகாமில் இருந்த காலத்தில் பழகிய தட்டச்சு ஒன்றுதான் என் கையில் இருந்த தொழில். கணனியை அதற்கு முன் தொட்டதில்லை. பாமினி எழுத்தில் தமிழ் அடிக்கப் பழகவே ஒரு மாதம் சென்றது.

காணாமற்போனவர்களின் தாய்மாரும் மனைவிமாரும் வந்து சொல்வதைக் கேட்டு அடிப்பதுதான் என் வேலை. பெயர், பிறந்த திகதி, கடைசியாகக் கண்ட இடம், அன்று உடுத்தியிருந்த உடுப்பு. ஊருக்கு ஒன்றாக அவற்றைப் பிளொப்பிகளில் வைத்திருந்தோம். ஒரு பிளொப்பியில் 1.44 மெகாபைட்தான் அடங்கும். கடிதங்களுக்கு அது தாராளம். கணனியைப் பலரும் பாவித்ததால் அதற்குள் எதையும் வைக்கக்கூடாது என்று சொல்லியிருந்தார்கள். ஆகவே பிளொப்பியைப் போட்டு, அதிலேயே திறந்து, அதிலேயே திருத்தி, அதிலேயே சேமிப்போம்.

ஆறேழு மாதம் போனதும் கணனி கத்தத் தொடங்கியது. உள்ளே பிளொப்பி இல்லாத நேரத்திலும் அந்தச் சின்ன விளக்கு பற்றும், 'கர்ர்… கர்ர்…' என்று சத்தம் வரும், திரை அப்படியே உறைந்து நிற்கும். பிறகு தானாக ஓயும். அரை மணியில் மறுபடியும்.

"நீர்தான் எதையோ அமத்திப்போட்டீர்" என்றார் அலுவலகத்தில் ஒருவர். புதிதாக வந்தவள், அதுவும் புருஷன் இல்லாதவள், என்ன பதில் சொல்வது? திருத்துபவர் ஒருவர் வந்து ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு, டிரைவ் பழுது, பெட்டியை வவுனியாவுக்குக் கொண்டுபோக வேண்டும் என்றார். செலவு என் அரை மாதச் சம்பளத்துக்குக் கிட்ட வரும். அதைவிட, சோதனைச்சாவடிகளைத் தாண்டி அந்தப் பெட்டி போய்த் திரும்புவதை நினைக்கவே எனக்குப் பிடிக்கவில்லை.

பக்கத்துக் கணனி வகுப்பில் படித்த ஒரு தம்பிதான் வழி காட்டினான். "அக்கா, சுவிட்ச் போட்ட நேரம் தொட்டு விளக்கு அணையாமல் நிண்டால் உள்ளுக்குள்ள பட்டி வயரை மாறிச் செருகியிருக்கினம். தொடங்கேக்க ஒருக்கா மட்டும் கத்தினால் அது வழமை. இடைக்கிடை கத்துதெண்டால் ஏதோ ஒண்டு அதைத் தேடச் சொல்லுது. எப்ப கத்துதெண்டு எழுதி வையுங்கோ."

ஒரு பழைய கொப்பியில் எழுதினேன். பிள்ளைக்கு இருமல் வந்தால் எந்த நேரத்தில் இருமுது என்று பார்ப்போமே, அதுபோலத்தான். இரண்டாம் நாளே பிடிபட்டது. வேர்ட்டைத் திறக்கும்போதும், கடைசியாகத் திறந்த கோப்புகளின் பட்டியலுக்குப் போகும்போதும்தான் சத்தம் வந்தது. அந்தப் பட்டியலில் இருந்ததெல்லாம் பிளொப்பியில் இருந்த கடிதங்கள். வின்டோஸ் 98 அவற்றை நினைவில் வைத்திருந்து, 'ஏ' டிரைவில் இன்னும் இருக்கின்றனவா என்று ஒவ்வொரு முறையும் போய்ப் பார்த்திருக்கிறது. அங்கே ஒன்றும் இல்லை. மறுபடியும் பார்த்திருக்கிறது.

டாஸ்க்பார் அமைப்புக்குள் போய் அந்தப் பட்டியலை அழித்தோம். வைரஸ் பார்க்கும் மென்பொருள் கணனியை நிறுத்தும்போது பிளொப்பியைத் தேடாதபடியும் மாற்றினான். சத்தம் நின்றது. ஒரு சதமும் செலவில்லை. என்னைக் குறை சொன்னவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் கேட்கவில்லை.

ஆனால் அந்தத் தம்பி பிளொப்பிகளைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு முகம் சுருங்கினான். ஹாட் டிஸ்க்கில் வாசிக்கும் முனை தட்டைத் தொடாது. பிளொப்பியிலோ தொட்டு உரசிக்கொண்டே வாசிக்கும். திறந்து திருத்துகிற ஒவ்வொரு முறையும் மேற்பூச்சு தேயும். எங்கள் கடற்கரை உப்புக்காற்றும் தூசும் வேறு. நிறுவனத்தில் அனுமதி கேட்டு எல்லாவற்றையும் கணனிக்குள் பிரதி எடுத்து, ஒவ்வொன்றையும் இரண்டு தாளில் அச்செடுத்தேன். மூன்று நாள் சென்றது. (உங்களில் யாரிடமாவது பழைய பிளொப்பியில் குடும்பத்து விடயங்கள் இருந்தால் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்காதீர்கள். யூ.எஸ்.பி.யில் பொருத்தும் பிளொப்பி டிரைவ் ஒன்றைத் தேடி, ஒரே தடவையில் பிரதி எடுத்துவிடுங்கள். சொனி நிறுவனம் 2011 இல் ஜப்பானில் பிளொப்பி விற்பதையே நிறுத்திவிட்டது.)

ஒரு பிளொப்பியில் நான்கு கடிதங்கள் திறக்கவே இல்லை. அந்த நான்கு பேரையும் திரும்பக் கூப்பிட்டுவிட்டோம். மூன்று பேர் முன்பு சொன்னதையே சொன்னார்கள். நான்காவது ஒரு வயதான அம்மா. கதிரையில் இருந்ததும், "பிள்ளை, நான் முதல் சொன்னது உனக்குக் கேக்கேல்லையோ?" என்றா.

"கேட்டதம்மா. மிசின் அழிச்சுப்போட்டுது."

அவ மறுபடியும் முதலிலிருந்து சொன்னா. மகன் போன அன்று வெள்ளைச் சேட்டு என்றா. என் கை நின்றுவிட்டது. முதல் கடிதத்தில் நீலம் என்று அடித்ததாக எனக்கு ஞாபகம். அது சரியா, பிழையா என்று பார்க்க அந்தக் கடிதம் இல்லை.

"அம்மா, முந்தி நீலமெண்டு சொன்னனீங்களோ?"

அவ யன்னலுக்கு வெளியே கனநேரம் பார்த்துக்கொண்டிருந்தா. பிறகு, "வெள்ளை எண்டே போடு பிள்ளை" என்றா. அப்படியே அடித்து, இரண்டு தாள் எடுத்து, ஒன்றை அவவின் கையில் கொடுத்தேன்.